உபதேசியார் குடித்த கஞ்சி

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் ரம்ஜான் மாதம் வந்துவிட்டால் ஆறு மணி தாண்டியும் யாரும் இடத்தைவிட்டு எழமாட்டார்கள். பஷீர் பாய் பள்ளிவாசலில் இருந்து தூக்குவாளியில் கஞ்சி வாங்கி வருவார். அவர் நோன்பு திறந்த கையோடு எங்களுக்கும் ஊற்றுவார். போன வாரம் அவர் மூடியைத் திறந்ததும் பூண்டும் வெந்தயமும் சேர்ந்த ஆவி மேசைமேல் பரவியது. எனக்குப் பசி வரவில்லை, கோபம் வந்தது. கஞ்சி வாசனைக்குக் கோபம் வரும் ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"உங்காளுங்களுக்கும் இப்ப நோன்புதானே தம்பி? உங்க கோயில்ல கஞ்சி ஊத்த மாட்டாங்களா?" என்றார் பாய்.

"ஊத்துனாங்க பாய். நாங்கதான் நிறுத்த வச்சிட்டோம்" என்றேன். அவர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். நீங்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முழுக்கச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அரியலூரில் இருந்து பஸ்ஸில் அரைமணி. ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம். வெடி வைத்தால் கோயில் மணி தானாக ஒருமுறை முனகும். அந்த வெள்ளைத் தூசி பெரிய தெருவின் மாடிகளிலும் எங்கள் காலனி ஓடுகளிலும் ஒரே மாதிரிதான் விழும். மற்றது எதுவும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே வேதம், ஒரே ஞானஸ்நானம். ஆனால் கோயிலுக்குள் அவர்கள் உட்காரும் பக்கம் வேறு, எங்கள் பக்கம் வேறு. கல்லறையில் நடுவே ஒரு சுவர். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வேன் எடுத்தால்கூட இரண்டு வேன். மாதா ஒருத்திதான், அவள் என்ன செய்வாள் பாவம்.

காலனியில் எங்களுக்கென்று ஓர் அன்பியம் இருந்தது. பத்திருபது வீட்டுக்காரர்கள் வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடி, விளக்கேற்றி, வேதம் வாசித்து, பிறகு ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவதற்குப் பெயர் அன்பியம். கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் வருவார். நான் அப்போது அரியலூர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா சுரங்கத்து லாரியில் கல் ஏற்றியவர், கைநாட்டு. எங்கள் வம்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான் என்பதால் வாசகம் படிக்கும் வேலை எனக்கு. ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போலக் குரலை இறக்கிக்கொண்டு படிப்பேன். இப்போது நினைத்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆரோக்கியம் என்கிற என் அம்மாவுக்கு மட்டும் அது தேவதூதன் குரலாகக் கேட்டிருக்கும்.

சிஸ்டர் ஒருமுறை உலகப்படத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். மழை பெய்யாத நாடுகள், சண்டையில் ஊரைவிட்டு ஓடுகிற சனங்கள், எங்களைப்போலவே சுரங்கத்தில் சாகிற ஆட்கள் என்று விரலை வைத்து வைத்துச் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க ரேஷன் கடை இல்லியா சிஸ்டர்?" என்றார். இல்லை என்றதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மறுநாளில் இருந்து உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து எண்ணெய் டின்னில் போடுவார். பேர் தெரியாத நாட்டுக்குப் போகிற அரிசி. குருணை கலந்துவிடக் கூடாது என்று அதைப் புடைத்து வேறு போடுவார். எங்களுக்கு உலை வைக்கிற அரிசிக்கு அந்த மரியாதை இருந்ததில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை எங்கள் கோயில் பங்கில் எல்லோருக்கும் ஒருசந்தி, ஒருவேளை நோன்பு. மதியம் அடுப்பு மூட்டக் கூடாது. அந்த வேளைக்கான அரிசி கோயிலில் உள்ள பெட்டிக்குப் போகும். பெட்டியில் ‘உலகின் பசித்தோருக்காக’ என்று எழுதியிருக்கும். சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். வாரத்துக்கு ஓர் அன்பியம் என்று முறை வைத்துக் காய்ச்சுவார்கள். முந்திரி விறகு, பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ளத் துவையல். காலனி அன்பியத்துக்கு மட்டும் காய்ச்சும் முறை கிடையாது. எங்கள் முறை என்பது எல்லா வெள்ளிக்கிழமையும் அண்டா கழுவுவது. எங்கள் கை தேய்த்துக் கழுவிய அண்டாவில் அடுத்த வாரம் அவர்கள் காய்ச்சிக் குடிப்பார்கள். அதில் ஒட்டாதது, நாங்கள் கரண்டியைப் பிடித்தால் ஒட்டிவிடுமாம். இந்தக் கணக்கை எந்தக் காலேஜிலும் எனக்கு யாரும் விளக்கவில்லை.

அந்த வருஷம் புதுச்சாமி ஒருவர் பங்குக்கு வந்தார். இளவயது, கொஞ்சம் வேகம். முறையைச் சீட்டுக் குலுக்கித்தான் போடுவேன் என்று நின்றுவிட்டார். காலனிக்கு நான்காம் வெள்ளி விழுந்தது. கோயில் உபதேசியார் பெரிய தெருக்காரர். செபம் சொல்லிக்கொடுப்பதில் இருந்து சாவு மணி அடிப்பதுவரை அங்கே எல்லாம் அவர் கைதான். சாமியார்கள் வருவார்கள், மாறிப் போவார்கள், உபதேசியார் இருப்பார். அவர் அந்தச் சீட்டைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

அம்மா அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தார். பூண்டை யார் உரிப்பது, துவையலுக்கு அம்மியா மிக்சியா என்று காலனிப் பெண்களுக்குள் சண்டையே வந்தது. அம்மா பக்கம் ஜெயித்தது, அம்மி. அவருக்கு ஆசை ஒன்றுதான். பெரிய தெருக்காரர்கள் தன் கஞ்சியைக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர்கள் வயலில் பாதி ஆயுசு நாற்று நட்டவர். அவர் நட்ட நெல்லை அவர்கள் தின்னாத வருஷம் இல்லை. ஆக்கிய சோற்றைத்தான் தின்றதில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய தெரு முழுக்கச் சிலுவைப்பாதைக்கு வந்தது. கடைசியான பதினான்காம் நிலையில் முழங்காலிட்டு எழுந்தது. பிறகு அண்டாப் பக்கம் திரும்பாமல் அப்படியே வாசலைப் பார்த்து நடந்தது. சாமி ஓடிப்போய் மறித்தார். உபதேசியார் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்:

"இன்னிக்கு முழு ஒருசந்தியா இருந்துடலாம்னு எல்லாருக்கும் ஒரு ஏவுதல் வந்துடுச்சு சாமி. தண்ணிகூட வேணாம்னுட்டாங்க."

பரிசுத்த ஆவி ஒரே நேரத்தில் ஒரு தெருவுக்கு மட்டும் இறங்கிய அதிசயம் அது. சாமி திரும்பி வந்து தரையைப் பார்த்தபடி இரண்டு டம்ளர் குடித்தார். நாங்களும் குடித்தோம். அண்டா குறையவே இல்லை. யாரும் வராத வரிசைக்கு முன்னால் அம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே நின்றார். அடுப்பு அணைந்த பிறகும் கிண்டினார். அடி பிடித்துவிடுமாம்.

கொட்ட மனசு வரவில்லை. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தகர ஷெட்டுகளில் வடக்கத்தி ஆட்கள் இருந்தார்கள், கொண்டுபோகலாம் என்றார் சிஸ்டர். சின்ன யானை வண்டியில் அண்டாவை ஏற்றினோம். ஷெட்டில் சுக்ரா என்று ஒருவர், ஜார்க்கண்ட்காரர், வந்து இரண்டு வருஷம் ஆனதில் தமிழ் கொஞ்சம் பிடித்திருந்தார். தட்டை வாங்கியதும் அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா என் தோளைப் பிடித்து, "இவங்க நம்ம வேதமாடா?" என்றார். சிஸ்டர் உலகப்படத்தில் காட்டிய சனம் எங்கள் ஊர் எல்லையிலேயே தகரத்துக்கு அடியில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. எங்கள் பங்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான் ஒவ்வொரு வெள்ளியும் உருகி உருகிச் செபித்தது. கூப்பிட்டு உட்கார வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும்தான்.

வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். அம்மா திரும்பும்போது வண்டியில், "நல்லாருக்குன்னு சொன்னாங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். சொன்னார்கள் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை. நான் அன்று முழுக்க உபதேசியாரின் மீசையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் நான் வாசகமே படிக்கவில்லை. ஐந்தாம் வெள்ளி பெரிய தெருவின் முறை. இனி அண்டா கழுவக் கூடாது என்றார்கள் சிலர். கழுவாவிட்டால் ஆள் வைத்துக் கழுவிக்கொள்வார்கள், அவர்களுக்கு அது வலிக்காது என்றேன். வலிக்கிற மாதிரி ஒன்றை நான் வைத்திருந்தேன். சொன்னேன். எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தோம். அவர் செபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "விருந்தாளியைக் கூப்பிட யாருகிட்ட அனுமதி கேக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

சுக்ராவிடம் போய் அழைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு யாரைக் கூப்பிட்டாலும் பாய்தான், இந்தியில் அண்ணன்.

"அங்க சண்டையா பாய்?"

மறைக்க மனசில்லை. போன வெள்ளி நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பீடியை உருட்டினார். "நம்ம ஊர்லயும் டம்ளர் வேற வேற பாய்" என்றார். பிறகு உள்ளே திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ குரல் கொடுத்தார். ஷெட் முழுக்கச் சிரித்தது.

அந்த வெள்ளி அவர்கள் குளித்து, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு ஷெட்டே காலியாக வந்து சேர்ந்தார்கள். சிலுவைப்பாதை முடிந்ததும் நேராகப் போய்ப் பந்தியின் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தலைக்குமேல் ‘உலகின் பசித்தோரோடு நாம்’ என்று பெரிய தெருவே காசு போட்டு அடித்த பேனர். உபதேசியார் என் பக்கத்தில் வந்து வாய் அசையாமல் கேட்டார்:

"யார்றா இவனுவ? என்ன ஆளுங்க?"

"பெட்டியில எழுதியிருக்கே, அவங்கதாங்க. எந்த ஆளுங்கன்னு அவங்க பாஷையில வேணா கேட்டுப் பாருங்க."

சாமி கையைத் தட்டி, விருந்தாளிகளுக்கு முதலில் என்று அறிவித்தார். சாதி தெரியாத மனிதனுக்கு ஊற்றுவதா வேண்டாமா என்று அவர்கள் வேதபாடத்தில் இல்லை. ஊற்றினார்கள். கல் உடைக்கிறவர்களின் வயிறு எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் பெரிய தெரு தெரிந்துகொண்டது. மூன்றாம் சுற்றில் கரண்டி அண்டாவின் அடியில் உரசியது. மதியம் உலை வைக்காத பெரிய தெரு, டம்ளரும் பிள்ளைகளுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

வேப்பமரத்தடியில், காலனியிலேயே காய்ச்சிக் கொண்டுவந்த எங்கள் அண்டா இருந்தது. அம்மா அதைச் சூடு ஆறாமல் மூடி வைத்திருந்தார்.

முதலில் பிள்ளைகள்தான் ஓடி வந்தன. வாசனைக்குப் பின்னால் போகாதே என்று எந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியும்? உபதேசியாரின் பேத்தியும் டம்ளரோடு வந்து நின்றாள். அவர் விறுவிறுவென்று பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்தார். அதற்குள் அம்மா ஊற்றிவிட்டார். பிள்ளை ஊதி ஊதிக் குடித்தது. ஒரு கணம் அவர் டம்ளரைத் தட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். தட்டிவிடட்டும் என்றுகூட நினைத்தேன், சாமியும் ஷெட் ஆட்களும் பார்க்க. அவர் செய்யவில்லை.

அம்மா இன்னொரு டம்ளரை எடுத்து விளிம்புவரை ஊற்றினார். முந்தானையால் பிடித்து அவரிடம் நீட்டினார். அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"முழு ஒருசந்திதான் போன வாரமே இருந்துட்டீங்களே அய்யா. இன்னிக்கு ஒரு வாய் குடிங்க. ஒங்க வயல்ல நாத்து நட்ட கைதான்."

சுக்ரா சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உபதேசியார் சாமியைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், தன் பேத்தி நாக்கால் உதட்டைத் துடைப்பதைப் பார்த்தார். டம்ளரை வாங்கினார். குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பக்தியோடு நான் எதையும் பார்த்ததில்லை. அவர் போன பிறகு வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் வந்தார்கள், பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். நல்லா இருக்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, பெரிய தெருவின் அண்டாவைக் கழுவாமலே வீட்டுக்கு நடந்தார்.

பழிவாங்குவது கிறிஸ்தவனுக்கு அழகில்லை என்று நீங்கள் சொல்லலாம். சாமியும் சொன்னார், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், என் பெயரைச் சொல்லாமல். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வாயோரம் சிரிப்பு இருந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அதற்கடுத்த தவக்காலம் வருவதற்குள் சாமியை மாற்றிவிட்டார்கள். சிஸ்டரும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். பங்குப்பேரவை கூடி, விறகுப் புகை கோயில் சுவரைக் கெடுக்கிறது என்று காரணம் எழுதி, கஞ்சியை நிறுத்தியது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் டவுன் பேக்கரியில் இருந்து ஒட்டி வந்த பாக்கெட்டில் ரொட்டி தருகிறார்கள். யார் கையும் படாத ரொட்டி. அரிசிப் பெட்டியும் இல்லை, செல்போனில் காசு அனுப்புகிறார்கள். ஷெட்டுகள் இருந்த இடத்தையும் சுரங்கம் தோண்டித் தின்றுவிட்டது. சுக்ரா எந்த ஊரில் எந்தக் கல்லை உடைக்கிறாரோ.

எங்கள் கையால் இன்னொரு முறை குடிக்க நேரக்கூடாது என்பதற்காக, அப்பன் பாட்டன் காலத்துக் கஞ்சியைத் தாங்களே ஊற்றி மூடிவிட்டார்கள். அதற்காக நான் வருத்தப்படவேண்டும். பஷீர் பாயின் கஞ்சி தொண்டையில் இறங்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, அம்மாவுக்காக. ஆனால் உபதேசியார் குடித்தார். சுவரை இன்னும் உயர்த்தலாம், அடுப்பை இடிக்கலாம், அண்டாவைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போடலாம். அந்த ஒரு டம்ளரை அவர் வயிற்றில் இருந்து எந்தப் பேரவையும் தீர்மானம் போட்டு எடுத்துவிட முடியாது.