சுவருக்குப் பூசிய உலோகம்

பதினாறு வருடமாக அவருக்கு ஒரே இயந்திரம். காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள், சிலிக்கான் வில்லையின் மேல் உலோகத்தை அணு அணுவாகப் படியவைக்கும் வேலை. பக்கத்து அறையில் இன்னொரு கலத்தை ஓட்டுகிறவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவரை வேலைக்குச் சிபாரிசு செய்ததே மூத்தவரான இவர்தான். இப்போது அந்தச் சிபாரிசை நினைத்து வெந்துகொண்டிருந்தார்.

இருவரும் செய்வது ஒரே பண்டம். கீழே இரும்புக் கலவை, நடுவே சில அணு கனமே உள்ள மக்னீசியம் ஆக்சைடு, மேலே மறுபடி இரும்புக் கலவை. நடு அடுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அவ்வளவு மெல்லியது என்பதால் எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிவிடும். ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரு சுழற்சித் திசை உண்டு. இரண்டு இரும்புகளின் காந்தத் திசையும் ஒன்றாக இருந்தால் தாராளமாகப் போகும். எதிரெதிராக இருந்தால் தயங்கும், மின்தடை கூடும். எத்தனை சதவீதம் கூடுகிறதோ அதுதான் வேலைக்காரனின் தரம். மூத்தவருக்குத் தொண்ணூறு வந்தது. சகலைக்கு நூற்று எண்பது.

அடுத்த மாதம் புதிய இயந்திரம் வருகிறது, அதை ஓட்ட ஒருவர்தான். யாருடைய மாதிரி நன்றாக வருகிறதோ அவருக்கு என்று ஆய்வகத் தலைவி சொல்லிவிட்டார்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரும் அங்கதானே வேலை பாக்குறாரு? நீங்க மட்டும் ஏன் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி வர்றீங்க?" என்று மனைவி கேட்டார்.

ஒருநாள் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். நடு அடுக்கைப் போடுவதற்கு முன் சகலை வில்லையைத் தகட்டால் மறைத்துவிட்டு, காலிக் கலத்துக்குள் பத்து நிமிடம் டாண்டலம் உலோகத்தைத் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சகலை, ஆளில்லாத வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?"

"அது வந்துண்ணே, சுவர்ல..."

"சரி சரி, எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

கேட்ட கேள்விக்குப் பதில் வருமுன்னே திரும்பி நடந்தார். காதில் விழுந்த 'சுவர்' என்ற சொல்லை மட்டும் வைத்து, சுவரில் சுத்தம் போதவில்லை என்று தானாகவே ஒரு முடிவுக்கும் வந்தார். தன் கலத்தைத் திறந்து, உள்சுவரைக் கண்ணாடிபோல மின்னும்வரை இரண்டு நாள் தேய்த்தார். மூடிக் காற்றை எடுத்ததும் புது மாதிரி செய்தார். நாற்பது வந்தது.

பரப்புகளை எக்ஸ்ரேயால் சோதிக்கும் பெண் அந்த வில்லையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இரும்போட மேல்முகம் ஆக்சைடு ஆயிடுச்சுண்ணே. ஓர் அணு கனம் இருந்தாலே பெரிசு. ஆனா எந்தச் சுழற்சியை உள்ளே விடணும்னு பொறுக்குறது அந்த முகம்தானே?"

"நான் பளபளன்னு தேய்ச்சேனேம்மா!"

"அதுதான் வினை. சுவர்ல இருந்த உலோகப் பூச்சைச் சுரண்டிட்டீங்க. திறந்தப்போ வந்த ஈரம் வெறும் எஃகுல ஒட்டிக்கிச்சு, இப்போ கொஞ்சங் கொஞ்சமா வெளியே வந்து இரும்பைத் துருவாக்குது. புதுசா டாண்டலம் பூசினா அதை விழுங்கிடும். உங்க சகலையைக் கேட்டிருக்கலாமே?"

கேட்கவில்லை. சகலை சாப்பிடப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு சுவருக்கு டாண்டலம் பூசினார். அன்று வந்தது நூற்று எழுபத்துநான்கு.

தலைவியே நேரில் வந்தார். "ஒரே வாரத்துல இவ்வளவா? அனுபவமும் உங்களுக்குத்தான் அதிகம். இது நீங்களே கண்டுபிடிச்சதா?"

வாசலில் சகலை வில்லைத் தட்டோடு நின்றிருந்தார். "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் புது இயந்திரம் கைக்கு வந்துவிடும். மூத்தவர் அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம். சகலையோட வழி. எட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

இதைப் பெருந்தன்மை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பல்லைப் பிடுங்குகிறவர் முன் வாயைத் திறந்த முகம்தான் அவருக்கு அப்போது. சகலை அங்கே நிற்காவிட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று பிறகு கேட்டேன். தெரியவில்லை என்றார்.

புது இயந்திரம் சகலைக்குப் போனது. அது வந்து இறங்கிய அன்று அவரே மூத்தவரைத் தேடி வந்தார்.

"அண்ணே, உள்ளே எல்லாம் வெறும் எஃகு. முதல் பூச்சை நீங்க போடுங்களேன்."

"ஏன், துரைக்குக் கை வலிக்குதோ?" என்றார். ஆனாலும் போனார். பத்து நிமிடம் போதும் என்றார் சகலை. இருபது நிமிடம் ஆகியும் மூத்தவர் புது இயந்திரத்தின் முன்னிருந்த நாற்காலியை விட்டு எழவில்லை.