சூரியனின் நடுவில் ஒரு புள்ளி

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் கண் கெட்டுப்போய்விட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். எல்லோரும் என்றால் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர்தான். பெரம்பலூரில் ஒரு கண் டாக்டரிடம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வாரத்தோடு அப்பா பஸ் ஓட்டுவது நின்றுபோனது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அப்பா ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் வழியாகப் பெரம்பலூர் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒருநாள் வேலை, மறுநாள் ஓய்வு. மற்ற டிரைவர்கள் ஓய்வு நாளில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார்கள். அப்பா மொட்டை மாடிக்கு ஏறிச் சூரியனைப் படம் பிடிப்பார். இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்றால், அவருடைய பஸ்ஸில் தினமும் வந்துகொண்டிருந்த அறிவியல் வாத்தியார் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய பழைய தொலைநோக்கியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாத்தியாருக்கு வீட்டில் ஒரு பாரம் குறைந்தது. எங்கள் வீட்டில் ஏறியது.

முதலில் அப்பாவுக்கும் நிலாவைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் விடிவதற்கு முன்னால் பஸ்ஸை எடுக்கிற மனிதரால் ராத்திரி விழித்திருக்க முடியவில்லை. விழித்தாலும் பயனில்லை. அரியலூரை ஒட்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகிற சாலையோரத்தில் எங்கள் வீடு. வேப்பமரம்கூட எங்கள் தெருவில் வெள்ளையாகத்தான் நிற்கும். அந்தப் புழுதிக்கும் சிமெண்ட் ஆலை விளக்குகளுக்கும் நடுவே நட்சத்திரம் ஒன்றும் தேறாது. "பகல்ல நமக்குன்னு ஒரு நட்சத்திரம் தெரியுதுல்ல, அது போதும்" என்று சூரியனுக்கு மாறிவிட்டார்.

சூரியனை வெறுமனே பார்க்கக் கூடாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதற்கென்று விற்கிற, வெள்ளி பூசிய மெல்லிய தாள் ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தார். அதை ஒரு கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் வளையம் செய்து ஒட்டி, தொலைநோக்கியின் வாயில் மூடிபோல மாட்டுவார். வெயில் முழுவதையும் அந்தத் தாள் தடுத்துவிட்டு, துளியளவை மட்டும் உள்ளே விடும். அப்பா முதலில் கண்ணை வைத்துத் தெளிவு சரிசெய்வார். ஒரு கண் கூசினால் மறு கண். சரியாக வந்ததும் மொபைலை ரப்பர் பேண்டு போட்டு அதே இடத்தில் கட்டிப் படம் எடுப்பார். படத்தில் சூரியன் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். அதன் மேல் மிளகைத் தெளித்ததுபோல் சில கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்காகத்தான் இத்தனை பாடும்.

அம்மாவுக்கு மிளகாய் காயப்போடும் இடம் பறிபோன கோபம். "ஊரே வெயிலுக்கு ஒதுங்குது, இந்த மனுசன் அத நிக்க வச்சுப் படம் புடிக்கிறாரு. எந்தச் சொந்தக்காரனுக்காச்சும் இப்பிடி ஒரு படம் புடிச்சிருக்காரா?" என்பாள். தெருவில் அந்தக் கருவிக்குப் பீரங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மறுநாள் பஸ்ஸில் கண்டக்டருக்கும், முன் சீட்டில் உட்காரும் வாடிக்கைப் பயணிகளுக்கும் மொபைலை நீட்டி, "இந்தப் புள்ளி இருக்குல்ல, நம்ம பூமிய அப்பிடியே உள்ள போட்டுறலாம்" என்று காட்டுவார். அவர்கள் பார்த்துவிட்டு, பெரம்பலூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்பார்கள்.

என்னை மட்டும் அந்தக் குழாயில் கண் வைக்க விடமாட்டார். "நீ சின்னப் புள்ள. கண்ணு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிடும். போட்டோவுல பாத்துக்க." அதற்காக நான் அழாத நாளில்லை. அப்பா பெரிய கருமி, சூரியனைக்கூட மகளுக்குப் பங்கு தர மாட்டேன் என்கிறார் என்று அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் கோடையில் புழுதி தாங்கவில்லை. மாடியில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே வெள்ளித் தாளின் மேல் மாவு சலித்ததுபோல் படிந்துவிடும். படம் மங்கலாக வந்தது. பஸ் டிரைவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வேலைக்குப் போகும் நாளெல்லாம் அப்பா காலையில் பஸ்ஸின் முன்கண்ணாடியை ஈரச் செய்தித்தாளைக் கசக்கி அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். துணியால் துடைத்தால் திட்டுத் திட்டாக நிற்கும், செய்தித்தாள்தான் பளிச்சென்று ஆக்கும் என்பது அவர்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெள்ளித் தாளையும் அதே மாதிரி துடைத்தார். நான்தான் வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். துடைத்து முடித்து மாட்டிக் கண்ணை வைத்தவர், "அப்பாடா, இப்பதான் வெளிச்சமா தெரியுது" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

கல் தூளை வைத்து அழுத்தித் தேய்த்தால் அவ்வளவு மெல்லிய பூச்சு உரிந்துவிடும் என்பதும், வெளிச்சம் கூடியது அதனால்தான் என்பதும் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஓய்வு நாள்தோறும் துடைத்தார். ஓய்வு நாள்தோறும் படம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் ஒருநாள் அவர் மாடியிலிருந்து என்னைக் கத்திக் கூப்பிட்டார். ஓடினேன். மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு, நடுவுல எவ்ளோ பெருசுன்னு."

நான் பார்த்தேன். ஓரத்தில் பொடிப்பொடியாக இரண்டு மூன்று புள்ளிகள் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

"காணோம்ப்பா."

"அட, நடு மையத்துல. நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கியும் விரித்தும் பார்த்தேன். காணோம். அப்பா மொபைலை வாங்கித் தானே பார்த்துவிட்டு, இருக்கிறதே என்று முணுமுணுத்தார். லென்ஸில் தூசியோ என்று எல்லாவற்றையும் இன்னொரு முறை துடைத்தார். அப்புறமும் அவருக்கு அது தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஓய்வு நாளிலும் அதே கதை. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் புள்ளிகள் ஒரு பக்கத்தில் தோன்றி மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய் மறைந்துவிடும் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால், "அது நகரலையாப்பா?" என்று கேட்டேன். "நகரல. அதான் அதிசயமா இருக்கு. இப்பிடி ஒண்ண இதுவரைக்கும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதிசயத்தைக் கண்டுபிடித்தாயிற்று. பெற்ற மகளுக்கு அது தெரியவில்லை என்பதுதான் அவருக்குக் கவலையாகிப் போனது. மொபைலைக் கிட்டே வைத்துக் காட்டினார், எட்ட வைத்துக் காட்டினார். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு, "புள்ளைக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. இத்தாம்பெரிய புள்ளி தெரியலங்குது" என்றார். அம்மா, மாவு பிசைந்த கையோடு வந்து படத்தை எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்குச் சூரியனிலிருந்த எந்தப் புள்ளியும் எப்போதும் தெரிந்ததில்லை. அதனால் அவள் சொல்லைக் கணக்கில் எடுக்கவில்லை. எனக்குக் கண் போய்விட்டது என்றதும் அவள் ஓவென்று அழுதாள். டிவிதான் காரணம் என்றாள். நானும் சேர்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை, கேரட், முருங்கைக் கீரை. அப்பாவுக்குக் கீரை என்றால் உயிர். ஆனாலும் தட்டில் வைக்க விடமாட்டார். "எனக்கெதுக்கு? எல்லாத்தையும் புள்ளைக்கு வை" என்று சட்டியை என் பக்கம் தள்ளிவிடுவார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். மறுநாள் காலையில் அவர் எழுந்து, நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை ஓட்டப் போவார்.

டாக்டர் ஒரு வயதான அம்மாள். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிப் படித்தேன், மறு கண்ணை மூடிப் படித்தேன். கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தேன்.

"பாப்பாவுக்குக் கண்ணு அருமையா இருக்கே. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

அப்பா மொபைலை எடுத்து நீட்டினார். "இதுல நடுவுல ஒரு புள்ளி இருக்குங்க. அது இவளுக்குத் தெரியலங்க."

டாக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க."

அப்பா நடுவில் விரலை வைத்தார். டாக்டர் படத்தை ஒரு பக்கமாக நகர்த்தினார். சூரியனின் ஓரம் மட்டும் திரையில் தெரிந்தது. "இப்ப?"

அப்பா அந்த ஓரத்தில் விரலை வைத்தார். விரல் சட்டென்று நின்றது.

டாக்டர் மேஜையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். எதுவுமே எழுதாத தாள். "இதுல?"

"இதுல எப்பிடிங்கம்மா இருக்கும்..." என்று சிரித்துக்கொண்டே குனிந்தவர், அப்படியே இருந்துவிட்டார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு வெறும் தாளின் நடுவில் மெதுவாக விரலை வைத்தார். "இதுலயும் இருக்குங்க" என்றார்.

நான் கைகொட்டிச் சிரித்தேன். அப்பா டாக்டரிடம் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதன்பின் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கண்களுக்குள் வெயில் சுட்டு வெந்த இடம் ஆறவில்லை. எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஓர் ஓட்டை விழுகிறது. எழுத்தைப் பார்த்தால் எழுத்து போகிறது. முகத்தைப் பார்த்தால் முகம் போகிறது. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் என் தோளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவரைப் பார்க்கிறார். அப்போதுதான் ஓரக்கண்ணில் நான் தெரிகிறேன். தெரியாதவர்கள், மூஞ்சியைப் பார்த்துப் பேசாத திமிர் பிடித்த ஆள் என்கிறார்கள். பஸ் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள், அவள் கை விரல்கள் எண்ணெய் பட்டுக் கறுத்துவிட்டன. நான் கல்லூரி முடித்துவிட்டேன். போன மாதம் எனக்கு வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது என் முகத்தைப் பார்ப்பதற்காக அவர் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அறையைவிட்டு வெளியே வந்து அழுதேன். அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் அழுதேன்.

ஆனால் அன்றைக்கு நான் சந்தோஷத்தில் இருந்தேன். என் கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். இனிமேல் கீரை கிடையாது. கதவு திறந்து அப்பா வெளியே வந்தார். மருந்து ஊற்றியதில் கண்கள் சிவந்து நீர் வழிந்தது. "உங்களுக்கு ஏம்ப்பா மருந்து ஊத்துனாங்க?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தோம். அவர் என் கையைப் பிடித்திருந்தார். வழக்கமாக நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அங்கே அவரைத் தெரியாத டிரைவர் கிடையாது. ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். அவர் யாரிடமும் போகவில்லை. தூணோரமாக ஒரு நிழலில் என்னை நிறுத்திக்கொண்டு, வருகிற பஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பஸ் திரும்பும்போதும் அவர் உதடு எதையோ முனகும். பிறகு என்னைக் கேட்பார்.

"அதுல என்ன போட்டிருக்கு?"

"துறையூர்."

தலையாட்டிக்கொள்வார். மறுபடி உதடு அசையும். "அது?"

"வேப்பந்தட்டைப்பா."

"அந்தா, அங்க நிக்கிறது?"

"குரும்பலூர்."

எங்கள் ஊருக்குப் போகும் பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. அவர் நகரவில்லை. இன்னும் இன்னும் கேட்டார். அப்பா என் கண்ணைத்தான் சோதிக்கிறார், டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவரை எப்படியாவது நம்பவைத்துவிட வேண்டும் என்று, அவர் கேட்காத பலகைகளையும் சேர்த்து, ஒன்றைக்கூடத் தப்பில்லாமல், பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் படித்துக்கொண்டே இருந்தேன்.