இன்னொருதரம் கேட்பாள் என்று இருந்தேன்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மரே ஆற்றில் பழைய நீராவிப் படகில் நான்கு நாள் சுற்றுலா போகலாம் என்று என் கணவரின் கந்தோரில் கூட வேலைசெய்த யாரோ ஆசை காட்டிவிட்டார்கள். பெப்ரவரி மாத வெயிலில் புத்தியுள்ளவர்கள் வீட்டில் இருப்பார்கள். நாங்கள் புறப்பட்டோம்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் படகை எச்சூக்காவில் கட்டிவிட்டு, ஒரு பஸ்ஸில் ஏற்றி மூன்று பழைய ஊர்களைக் காட்டினார்கள். ஊருக்கு ஒரு மியூசியம். மூன்றிலும் அதே துருப்பிடித்த கலப்பை, அதே தையல் மெஷின், தாடி வைத்த அதே மனிதரின் படம். இரண்டாவது ஊரிலேயே என் கால் வீங்கிவிட்டது. சேலைக் கரையெல்லாம் செம்புழுதி. ஈ விரட்டியே கை ஓய்ந்துபோயிற்று.

என் கணவருக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கி மயக்கம் வந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மரக்கறிதான். காலையில் படகில் பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்தார்கள். அவர் இரண்டு துண்டு பாணோடு எழுந்துவிட்டார். அவசரத்துக்கென்று கைப்பையில் வைத்திருந்த டொபி முழுவதையும் முதல் நாளே படகில் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்திருந்தேன்.

மத்தியானச் சாப்பாடு இரண்டாவது ஊரில், ஒரு மர நிழலில். படகின் சமையல்காரி தன் வான் வண்டியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பினாள். என் வயதுதான் இருக்கும், சிரிக்காத முகம். எல்லாவற்றிலும் இறைச்சி. நாங்கள் தட்டை எடுக்காமல் நிற்பதைக் கண்டு அவளே கிட்ட வந்தாள். “சீஸ் வைத்து சான்ட்விச் செய்து தரட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம், பரவாயில்லை” என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் ஆட்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. கேட்டதும் ஓம் என்று சொல்லுவது ஆலாய்ப் பறக்கிறவர்களின் வேலை. முதல்தரம் மறுக்கவேண்டும், இரண்டாம்தரம் இழுக்கவேண்டும், மூன்றாம்தரம் கையில் திணித்தால் வாங்கவேண்டும். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள்.

“அவ கேக்கேக்கை ஓம் எண்டு சொல்லியிருக்கலாம்” என்றார் இவர்.

“இன்னொருக்கா கேப்பா. பொறுங்கோ.”

அவள் கேட்கவில்லை. மிச்சத்தை மூடி, தட்டுகளை அடுக்கி வானில் ஏற்றினாள். பஸ்ஸில் ஏறும்போது எனக்கு ஆத்திரம் பொங்கியது. வெறும் தேத்தண்ணியோடு இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால் வாயா தேய்ந்துபோகும்? மனமில்லாத மனுஷி என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். இவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெயிலில் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஊரில் ஒரு பழைய நீதிமன்றம். குதிரை திருடியவர்களுக்கு என்ன தண்டனை என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அங்கிருந்த மர வாங்கில் போய் இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, “யாழ்ப்பாணத்துக்கு அடுத்த பஸ் எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்.

சீனி இறங்கிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் வாங்கில் சாய்ந்து சரிந்தார். நான் “சீனி, சீனி” என்று கத்தினேன். ஒரு சொல் இங்கிலிஷ் வாயில் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ‘சுகர்’ என்ற சொல் வந்தது. வெளியே வானில் தேத்தண்ணி ஆயத்தம் செய்துகொண்டிருந்த சமையல்காரிதான் சீனிப் பேணியோடு ஓடிவந்தாள். அரை மயக்கத்தில் இருந்தவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, சீனியைத் தண்ணீரில் கரைத்து, மிடறு மிடறாகப் பருக்கினாள்.

கால் மணித்தியாலம் போனபிறகு இவர் நிமிர்ந்து, “ஏன் எல்லாரும் என்னைப் பாக்கினம்?” என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

“மத்தியானம் இவர் என்ன சாப்பிட்டார்?” என்று அவள் கேட்டாள்.

“ஒன்றுமில்லை.”

“நான் கேட்டேனே. நீதானே வேண்டாம் என்றாய்?”

“நீ இன்னொருதரம் கேட்பாய் என்று இருந்தேன்.”

அவள் என்னையே பார்த்தாள். அதில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. விடியமுதல் எழும்பி நாற்பது பேருக்குச் சமைத்த களைப்பும் அந்த முகத்தில் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “நீ வேண்டாம் என்றால், வேண்டாம் என்றுதானே நான் நினைப்பேன்” என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் படகுக்குத் திரும்பினோம். காலைத் தூக்கிக் கதிரையில் போட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தேன். அவள் சீஸும் தக்காளியும் வைத்த சான்ட்விச்சோடு வந்து நின்றாள். “வேண்டுமா?” என்று கேட்டாள், ஒரேயொரு தரம்.

“ஓம்” என்றேன், தமிழிலேயே. அவளுக்கு விளங்கிவிட்டது. மூன்று நாளில் முதல்தடவையாகச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு இவர் இருபத்திரண்டு வருடம் என்னோடு இருந்தார். என் வீட்டுக்கு வருகிறவர்களை நான் இன்றைக்கும் மூன்றுதரம் கேட்கிறேன், அந்தப் பழக்கம் போகாது. ஆனால் என்னை யாராவது கேட்டால் முதல்தரமே ஓம் என்றுவிடுவேன். மரியாதைக்கென்று நான் சொன்ன ஒரு ‘வேண்டாம்’ என் மனுஷனைக் கொண்டுபோகப் பார்த்தது.