சின்னம்மா தேர்தலில் தோற்று வந்தபோது

அமெரிக்காவில் தேர்தலில் தோற்றுவிட்டு, மனம் ஆற லண்டன் வெம்பிளியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார் சின்னம்மா, அம்மாவின் தங்கை. அங்கே ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர். பனிக்குள் வீடு வீடாகக் கதவு தட்டி, ஒரு மாநிலத்தின் சட்டசபைக்குள் போனவர். ஒரே தவணைதான். அடுத்த தேர்தலில் சனம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"இனி நிக்கமாட்டன் அக்கா," என்று வந்த அன்றே சொன்னார். "பட்டது காணும். பிள்ளையளைப் பார்," என்றார் அம்மா. எனக்கு அழுகை வந்தது. என் சின்னம்மா சட்டசபையில் இருக்கிறார் என்று வகுப்பு முழுக்க அளந்து வைத்திருந்தேனே!

தேர்தலில் தோற்ற ஆளை எப்படி விசாரிப்பதென்று எங்கள் சனத்துக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் செத்தவீடுதான். துக்கவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சமைத்துக் கொண்டுபோவது வழக்கம் அல்லவா, அதே மாதிரி லண்டனின் மறுகோடியான குட்மேய்ஸிலிருந்து ஒரு மாமி புட்டும் கத்தரிக்காய்க் கறியுமாக வந்து இறங்கினார். சோபா நுனியில் இருந்து, குரலைத் தாழ்த்தி, "எப்பிடிப் பிள்ளை நடந்தது?" என்றார். அப்பா பாவம், டிவியை நிறுத்திவிட்டு, செத்தவீட்டுக்காரர் மாதிரி வாசலில் போய் நின்றார்.

சின்னம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதை விடுங்கோ மாமி. நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டார். அவ்வளவுதான், மாமி பிடித்துக்கொண்டார். சுவரெல்லாம் பூஞ்சணமாம், பேரனுக்கு இருமலாம், வீடு கொடுத்த கவுன்சில் திரும்பியும் பார்க்கவில்லையாம். சின்னம்மா அவரைப் பக்கத்தில் இருத்தி, கவுன்சிலுக்குப் போன் எடுத்து, ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லும்வரை விடவில்லை.

கதை பரவியது. பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு முறைப்பாட்டோடு வந்தார்கள். ஓய்வெடுக்க வந்த மனுசியை இப்படியா பிய்ப்பது! பொறுக்கமுடியாமல் ஒருநாள் வாசலில் மறித்து, "சின்னம்மா நித்திரை," என்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "நான் முழிச்சுத்தான் இருக்கிறன். ஆர் வந்தது? உள்ளுக்கு விடு!" வந்த அன்று கேட்ட குரல் அல்ல அது.

விமானநிலையத்தில், "அக்கா, திரும்ப நிக்கப்போறன்," என்றார் சின்னம்மா. அம்மா ஏசுவார் என்று நினைத்தேன்.

"நில்லு. தோத்தா நேரே இங்க வா," என்றார் அம்மா.

பயணம் போகிற நேரத்தில் இப்படியா அபசகுனமாகப் பேசுவது என்று அம்மாவின் கையைக் கிள்ளினேன். சின்னம்மாவோ அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கிறார். நீ வெல்லுவாய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாத அம்மாவை அவர் ஏன் அப்படிக் கட்டிக்கொண்டார் என்பது அன்று எனக்கு விளங்கவேயில்லை.