லோயிஸ் அக்காவின் வலக்கை

சாப்பிடும்போதும் லோயிஸ் அக்கா பேனையைக் கழற்றி வைப்பதில்லை. ஒரு சப்பாத்துக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஞாயிறு பூசை முடிந்து, டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரக் கோவில் மண்டபத்தில் பெண்கள் நாங்கள் சோறும் பருப்புமாக இருக்கும்போது யாராவது ஒரு கைவைத்தியம் சொன்னால் போதும். விரல்களைச் சூப்பித் துடைத்துவிட்டு, "பொறும், பொறும், எழுதிப்போட்டுக் கேக்கிறன்" என்பார்.

"அக்கா, நான் தும்மினாலும் எழுதுவியளோ?" என்று பவளராணி ஒருநாள் பகிடி விட்டாள்.

"தும்மலுக்கு என்ன குடுக்கிறனீர் எண்டு சொன்னால் எழுதுவன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கோப்பைகளை அடுக்கினேன்.

அவர் அமெரிக்கர். ஒஹாயோவில் பால் வண்டி ஓட்டியவரின் மகள். பௌதிகம் படிக்கப் போய், விஞ்ஞானத்தின் சரித்திரத்துக்கு மாறிவிட்டவர். அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது. யார் எதைக் கண்டுபிடித்தார்கள், யார் பிழைவிட்டார்கள், அது எப்படி ஊர் ஊராகப் போனது என்று பார்ப்பார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசன் டொக்டர்மார் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்திருக்கிறார்கள். அதை ஆராய்வதற்காக இளம் வயதில் மானிப்பாய்க்கு வந்து தங்கித் தமிழ் படித்தார். ஊருக்குத் திரும்பிப் புத்தகம் எழுதினார், பேராசிரியரானார். பிறகு டென்மார்க்காரர் ஒருவரை மணந்து, அமெரிக்காவில் இருந்த வேலையை விட்டு இங்கே வந்தார். இப்போது கிழமையில் இரண்டு நாள் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்.

அவர் மானிப்பாயில் பழைய புத்தகங்களைப் புரட்டிய அதே காலத்தில், சில மைல் தள்ளிச் சில்லாலையில் நான் எட்டாம் வகுப்போடு மறிக்கப்பட்டேன். தங்கை விக்ரோரியா பிறந்த கையோடு அம்மா படுக்கையில் விழுந்தார். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வேலிக்கு மேலால் பள்ளிக்கூடம் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் தமிழில் பெயர் உண்டு என்பதை ரண்டர்சுக்கு வந்து, ஒரு வெள்ளைக்காரியின் வாயால்தான் அறிந்தேன்.

அவருடைய டெனிஷும் திறமில்லை. பாண் சுட்டு விற்கும் கடையில் நின்று ஒரு வசனத்தை மூன்று தரம் உடைத்து உடைத்துச் சொல்லுவார். கடைக்காரி சிரித்தால் தானும் சிரித்து, "ஏன் சிரிச்சனீர்?" என்று கேட்டு, அதையும் எழுதிக்கொள்வார். நான் அதே வசனத்தை வீட்டிலிருந்து பாடமாக்கிக்கொண்டு போய், கடைசியில் பாணை விரலால் காட்டி வாங்குகிறவள். அவருடைய படிப்பைவிட அந்த வெட்கமில்லாத வாயின் மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.

இரண்டாவது புத்தகம் ஒன்று எழுதுகிறார். மிசன் டொக்டர்மார் எழுதாமல் விட்ட, வீட்டுப் பெண்களின் வைத்தியம் பற்றியது. நான் சில்லாலை என்று அறிந்ததும் அவருடைய கண் பளிச்சென்றது.

"வைத்தியர்மாரின்ரை ஊரெல்லோ! மரியநாயகி, பிள்ளை பெத்தவைக்குச் சரக்கு அரைக்கிறதெண்டால் உங்கடை பக்கத்திலை என்ன என்ன போடுவினம்?"

"எனக்குத் தெரியாது."

எங்கள் அம்மிக் குழவியின் ஒரு பக்கம் தேய்ந்ததே என் கையால்தான். ஆனாலும் எல்லாம் வைத்திருப்பவருக்கு இதையும் எதற்குக் கொடுப்பான் என்றிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் தெரியாது என்றேன்.

விக்ரோரியாவும் இங்கேதான் இருக்கிறாள். இந்த வருஷம் பிள்ளைத்தாய்ச்சியானாள். அவளுக்கும் இவர் 'லோயிஸ் அக்கா'. என்னையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் டொக்டரிடம் போவதென்றால் அவரோடுதான் போவாள்.

போன மாதம் ஒரு காலையில், நாள் வருமுன்னே அவளுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டது. லோயிஸ் அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும், சுணங்கினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்கள். அவள் புருஷன் அந்தோனிதாசன் எஸ்பியர்க் மீன் தொழிற்சாலையில் வேலை, ரயிலில் வந்துகொண்டிருந்தான். லோயிஸ் அக்கா டொக்டர் இங்கிலிஷில் சொன்னதை எல்லாம் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"முந்தின காலத்திலை உப்பிடி வெட்டினால் தாய் தப்பிறது அருமை" என்றார்.

விக்ரோரியா வீரிட்டு அழத் தொடங்கினாள்.

"ஐயோ, அது அப்ப. இப்ப அப்பிடியில்லை, பிள்ளை. நான் சரித்திரக்காரி, என்ரை வாய் உப்பிடித்தான்."

அழுகை ஒருவாறு அடங்க, நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். காப்பு, தோடு எல்லாம் கழற்றினாள். தாலிக்கொடியை மட்டும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அவர் வராமல் கழட்டமாட்டன். செத்தாலும் கழுத்திலை கிடக்கட்டும்."

நேர்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். லோயிஸ் அக்கா கட்டிலருகே குனிந்தார்.

"என்ரை கையிலை தாரும். இந்தக் கையைப் பொத்திக்கொண்டு இருப்பன். உம்மடை கழுத்திலை போடத்தான் திரும்ப விரிப்பன்."

நான் என் கையையும் நீட்டியபடிதான் நின்றேன். இடுப்பில் வைத்து வளர்த்த கை. விக்ரோரியா கொடியைக் கழற்றி அவருடைய வலக்கையில் வைத்தாள்.

அவளைத் தள்ளிக்கொண்டு போன பிறகு, அறைக்கு வெளியே நடை ஓடையில் போட்டிருந்த கதிரைகளில் இருவரும் இருந்தோம். கழுத்தில் பேனை சும்மா தொங்கியது. பொத்திய கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். இடக்கையால் வாங்கிப் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

அவரைப் பார்க்காமல் சொன்னேன். "கொத்தமல்லி, மிளகு, சீரகம், திப்பிலி, வேர்க்கொம்பு. மஞ்சளைத் தனிய அரைக்கவேணும். உள்ளி கடைசியிலை."

பேனையைத் தூக்குவார் என்று நினைத்தேன். தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, "கொத்தமல்லி, மிளகு, சீரகம்" என்று முணுமுணுத்தார். திப்பிலியில் தடக்கினார். எடுத்துக் கொடுத்தேன்.

கதவு திறந்தது. பெண் பிள்ளை, தாய்க்கும் சுகம் என்று சொன்ன நேர்ஸ், இந்த ஊர் வழக்கப்படி வாழ்த்துச் சொல்லி முதலில் அவரிடம்தான் கையை நீட்டினார். லோயிஸ் அக்கா கன்னமெல்லாம் கண்ணீரோடு எழும்பி, இடக்கையைக் கொடுத்தார்.