ஹெந்த்ரே லேண்ட்ரோவரின் அடிப்பக்கம்

இத்வால் பாரிக்கு அறுபத்திரண்டு வயது. அதில் நாற்பது வருடத்தை வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்துவிட்டார். வேல்ஸின் வடமேற்கு மூலையில், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த லீன் கரையில் அவருக்கு வேலை குறைந்ததே கிடையாது. உப்புக்காற்று, குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு, ஏற்றி இறக்குகிற ஆடுகளின் மூத்திரம், இவை மூன்றும் சேர்ந்தால் எந்த இரும்பு தாங்கும்? வண்டியின் அடியைச் சுரண்டி, மக்கிப்போனதை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துரு ஏறாதபடி மெழுகு அடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். ஆளுக்கொரு பட்டப்பெயர் இல்லாமல் அங்கே யாரும் சாவதில்லை. அவருக்குத் "துரு இத்வால்" என்று பெயர்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, மெரெரிட் தன் அப்பாவின் பழைய லேண்ட்ரோவரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் கொட்டகை வாசலில் இறக்கினாள். அப்பா எமிர் ஜனவரியில் இறந்திருந்தார். அவருடைய ஹெந்த்ரே பண்ணையில், முட்செடிகளுக்கு நடுவே நாலு வருடமாகக் கிடந்த வண்டி அது.

"இத்வால் அங்கிள், இதை ஓடுற மாதிரி ஆக்கித் தரணும். எவ்வளவு நாள் ஆனாலும் சரி. சனிக்கிழமைல நானும் வந்து கூட வேலை செய்றேன்."

"உனக்கெதுக்கும்மா இந்தத் தொல்லை? ரெக்ஸம்ல நல்ல வேலைல இருக்க. இதை வித்துட்டுப் போயேன்."

"அப்பா ஓட்டினது. விக்கறதுக்கா கொண்டுவந்தேன்?"

இத்வால் கொட்டகைக் கதவைத் திறந்தார். மறுக்க என்ன காரணம் சொல்வது? வண்டியின் பின்பக்கத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அக்டோபர் மாதம், இதே வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கோத்து, செம்மறிக் கடாவையும் பதினோரு ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பியவள் மெரெரிட். அப்போது அவளுக்கு இருபது வயது. பண்ணையை விட்டு மேடேறும் சந்தில், ஆடுகள் தாண்டாதபடி வாசலில் பதித்திருந்த இரும்புக் கம்பிகளைத் தாண்டும்போது, கொக்கி மாட்டியிருந்த பின் குறுக்குச்சட்டம் அப்படியே பிய்ந்துகொண்டது. டிரெய்லரின் அவசர பிரேக் கம்பியும் அதே சட்டத்தில்தான் கட்டியிருந்தது. சட்டமே டிரெய்லரோடு போனதால் கம்பி இழுபடவில்லை, பிரேக் பிடிக்கவில்லை. டிரெய்லர் பின்னோக்கி உருண்டு கல்சுவரில் மோதிக் கவிழ்ந்தது. கடாவோடு சேர்த்து ஒன்பது உருப்படி செத்தன. அந்தக் கடா அந்த வருடம் மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியிருந்தது.

வண்டியை மீட்கப் போனவர் இத்வால். பிய்ந்த சட்டத்தைக் கையில் எடுத்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் அதைச் சரிசெய்தவரே அவர்தான். சட்டம் வண்டியின் அடிக்கூடான சேஸிஸோடு சேரும் இடம் அழுகிப்போயிருந்தது. முறையாகச் செய்தால் இரண்டு நாள் வேலை. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்குக் கார்டிஃபுக்கு பஸ், அங்கே சனிக்கிழமை வேல்ஸ் அணியின் கால்பந்து ஆட்டம். ஓட்டையில் சிமென்ட் போல இறுகும் பட்டிப் பசையைத் திணித்து, மேலே மெல்லிய தகட்டை நாலு புள்ளியில் ஒட்டி, எல்லாவற்றையும் மறைக்கக் கறுப்புத் தார்ப்பூச்சைக் கனமாக அடித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தார். எம்.ஓ.டி. என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனைக்குப் போன வண்டி பளபளவென்று தேறி வந்துவிட்டது.

சுவரோரம் செத்த ஆடுகளுக்கு நடுவே நின்று எமிர் கேட்டார்: "எப்படி இத்வால் இது பிய்ஞ்சுது?"

"ரொம்ப வேகமா கம்பி மேல ஏத்தியிருக்கா உன் பொண்ணு. அப்படி ஏத்தினா எந்த இரும்பு நிக்கும்?"

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லும்போது மெரெரிட் பத்தடி தள்ளி, ஆடுகளை இழுத்துப் போட்டதில் முகமெல்லாம் ரத்தமும் சேறுமாக நின்றுகொண்டிருந்தாள். பிய்ந்த சட்டத்தை அவர் கொட்டகைக்குக் கொண்டுபோய் அன்றைக்கே துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்போடு போட்டார். புதுச் சட்டத்தை இலவசமாக மாட்டிக் கொடுத்தார். "எவ்வளவு பெரிய மனசு" என்றார்கள் ஊரில். மெரெரிட்டுக்கு "டிரெய்லர்" என்று பெயர் வந்தது. "டிரெய்லர் வர்றா, சுவரைப் பிடிச்சுக்கோங்கடா" என்று பையன்கள் கத்துவார்கள். பண்ணையை எடுத்து நடத்தப்போகிறேன் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், அடுத்த வசந்தத்தில் ரெக்ஸமுக்கு ஒரு வங்கி வேலைக்குப் போனாள். எமிர் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்.

இப்போது வண்டி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்கும் தூக்கியில் ஏறி நின்றது. முதலில் அழுத்தத் தண்ணீரில் கழுவினார்கள். வருடக்கணக்கான சேறும் சாணமும் கட்டிகட்டியாக விழுந்தது. ஒரு வாரம் காயவிட்டு, அடுத்த சனிக்கிழமை இத்வால் சின்னச் சுத்தியலைக் கையில் கொடுத்தார்.

"தட்டிக்கிட்டே போ. நல்ல இரும்பு மணி மாதிரி கேக்கும். போனது பொத்துனு கேக்கும். பொத்துனு கேட்ட இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போடு."

அவள் கெட்டிக்காரி. காது கூர்மை. கண்ணாடியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு கம்பி பிரஷ் பிடித்து அடிப்பக்கத்தைத் தேய்ப்பதில் இத்வாலையே மிஞ்சினாள். இடைவேளையில் தகர டப்பாவைத் திறந்து வெண்ணெய் தடவிய பழரொட்டித் துண்டுகளை நீட்டுவாள். "அங்கிள், உங்க மூக்கு மட்டும்தான் வெள்ளையா இருக்கு" என்று சிரிப்பாள். அவர் ரொட்டியை மேசையோரம் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் பின்பக்கத்துக்கு வந்தாள். குறுக்குச்சட்டம் புதிது, கெட்டியாக இருந்தது. ஆனால் அது சேருகிற வலது சேஸிஸ் முனையில் பழைய தார்ப்பூச்சு தோலாக உரிந்தது. உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ உதிர்ந்து அவள் கையுறையில் விழுந்தது.

"இது என்ன அங்கிள், சிமென்ட் மாதிரி?"

அது அவருடைய பட்டி. புதுச் சட்டம் மாட்டியபோது அந்த மூலையைத் தோண்டிப் பார்க்கக்கூட அவர் துணியவில்லை. மேலேயே வெல்டிங் வைத்து மூடியிருந்தார்.

"பழைய துரும்மா. துடைச்சு விடு" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் மனைவி நெஸ்டா, "உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று இரண்டு தடவை கேட்டாள். "முதுகு" என்றார். அந்த மூலையைத் தனியாக வெட்டி எடுத்துவிட்டால் முடிந்தது, அடுத்த சனிக்கிழமைக்குள் தடயமே இருக்காது என்று செவ்வாய்க்கிழமை கிரைண்டரைக் கையில் எடுத்தார். ஓடவிட்டார். நிறுத்தினார். புதன்கிழமையும் அப்படியே. நல்லவனாகிவிட்டதால் நிறுத்தினேன் என்று அவர் பிற்பாடும் சொல்லிக்கொண்டதில்லை. இன்னொரு தடவை அதையே செய்யக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது சனிக்கிழமை மழை. இருவரும் தூக்கிக்கு அடியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மெரெரிட் பிரஷை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"அப்பா சாகறதுக்கு முந்தின வாரம்கூடக் கேட்டாரு அங்கிள், அன்னைக்கு எத்தனை மைல் வேகத்துல போனேன்னு. ஆஸ்பத்திரிப் படுக்கையில. மூச்சே சரியா வரலை, அதைக் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"பத்துன்னு. பத்தொன்பது வருஷமா பத்துன்னுதான் சொல்றேன். 'உண்மையைச் சொல்லிடு கண்ணு, நான் கோவிச்சுக்க மாட்டேன்'னாரு. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை இருபதுல போனேனோ என்னவோ."

இத்வால் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்துதான்" என்றார். "பத்துகூட இருந்திருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அந்த மூலையைக் காட்டினார். பட்டியைப் பற்றிச் சொன்னார். வெள்ளிக்கிழமையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, வெட்டிப் போட்ட சட்டத்தைப் பற்றி. சுவரோரம் சொன்ன வாக்கியத்தையும் வார்த்தை மாறாமல் சொன்னார். எதற்கும் சமாதானம் சேர்க்கவில்லை. சேர்க்க எதுவும் இல்லை.

மெரெரிட் விளக்கைத் திருப்பி அந்த ஓட்டைக்குள் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மழைக்குள் போனாள். தண்ணீர்க் குழாயடியில் அவள் முதுகு குலுங்குவது கொட்டகையிலிருந்து தெரிந்தது. இத்வால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. போய் ஆறுதல் சொல்லும் உரிமை அவருக்கு ஏது?

திரும்பி வந்தபோது அவள் குரல் தெளிவாக இருந்தது.

"மேட்சுல யாரு ஜெயிச்சா?"

"நாமதான்."

"சரி. திங்கக்கிழமை ஆட்டுச்சந்தை கேன்டீன்ல இதைச் சொல்லணும். எல்லாரும் இருக்கும்போது. நானும் இருப்பேன்."

அங்கிள் என்ற சொல் அதில் இல்லை.

வீட்டுக்குப் போனதும் முதலில் நெஸ்டாவிடம் சொன்னார். அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள், கத்தி நின்றது. "நம்ம பொண்ணு கல்யாணத்துல, 'டிரெய்லர் வந்திருக்கா, காரை எல்லாம் தள்ளி நிறுத்துங்க'ன்னு நானே சொல்லிச் சிரிச்சேன். அவ காதுல விழுந்துச்சு. நீங்க பக்கத்துல நின்னீங்க. நீங்களும் சிரிச்சீங்க." சீவாத கிழங்கைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் அடுப்பை அணைத்தாள்.

திங்கட்கிழமை கேன்டீனில் முப்பது பேர் இருந்தார்கள். பன்றிக்கறி வறுவல் வாசனையும் ஈரக் கோட்டு வாசனையும். மெரெரிட் உள்ளே வந்ததும் ஏலக்காரன் அலுன் எப்போதும்போல ஆரம்பித்தான்: "டிரெய்லர் வந்தாச்சு! பிரேக் பிடிக்குதா பொண்ணே?" இரண்டு பேர் சிரித்தார்கள்.

இத்வால் எழுந்து நின்றார். தேவாலயத்தில்கூட எழுந்து பேசியறியாதவர்.

"அலுன், கொஞ்சம் வாயை மூடு. அன்னைக்கு அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை. தப்பு என்னோடது." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு தடவை தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

அலுன் தொப்பியைத் திருகிக்கொண்டு, "இவ்வளவு வருஷம் கழிச்சு இப்போ எதுக்குப்பா..." என்று இழுத்தான். எமிரோடு பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிய ஒருவர், மூலை மேசையில் இருந்தவர், மெதுவாகச் சொன்னார்: "எமிர் இதைக் கேக்காமலே போயிட்டானே, இத்வால். ஜனவரி வரைக்கும் உயிரோட இருந்தானே. உன் வீட்டுலேர்ந்து ரெண்டு மைல்ல இருந்தானே."

அந்தக் கணக்கை இத்வால் தினமும் போட்டுப் பார்த்ததுதான். போன கிறிஸ்துமஸுக்குக்கூட ஹெந்த்ரேக்குப் போய் எமிரின் கட்டில் ஓரம் அரைமணி நேரம் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தார்.

மெரெரிட் தேநீரைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

வேலையை அவர் முடித்தார். அந்த மூலையை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, கெட்டித் தகடு வைத்து முழுக்க வெல்டிங் செய்து, துத்தநாகப் பூச்சும் அதன்மேல் கறுப்பு வண்ணமும் அடித்தார். சேஸிஸ் பெட்டிக்குள்ளே நீளக் குழாயை விட்டு மெழுகு பீய்ச்சினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் மெரெரிட் வந்து விளக்கடித்துப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவள் கேட்கவில்லை, அவரேதான் அப்படிச் செய்தார். பேச்சு "ஆச்சு", "சரி" என்பதோடு நின்றது. மே மாதம் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவரிடம் வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வேறிடம் போனார்கள். மீதிப்பேர் தாங்களே வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்கள். அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மெரெரிட் அடுத்த வருடம் வங்கி வேலையை விட்டுவிட்டாள். குத்தகைக்காரரிடமிருந்து மேய்ச்சல் நிலத்தைத் திரும்ப வாங்கி, நாற்பது ஆடுகளோடு ஹெந்த்ரேயில் குடியேறினாள். வருடா வருடம் மெழுகு அடிக்க அவள் போனது புல்ஹெலியில் இருக்கும் வேறொரு பட்டறைக்கு.

அவள் குடியேறிய பிறகு இரண்டாவது இலையுதிர்காலத்தில் ஒரு நாள், மளிகைக் கடை வாசலில் அந்த லேண்ட்ரோவர் நிற்பதை இத்வால் பார்த்தார். பின்னால் டிரெய்லர், அதில் ஆறு ஆடுகள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் தன்னை அறியாமல் ஈரத் தரையில் முட்டி போட்டுக் குனிந்து அடியில் பார்த்தார். கையை நீட்டி வலது மூலையைத் தடவினார்.

"என்ன தேடறீங்க?"

தலைக்கு மேலே மெரெரிட், கையில் பால் புட்டியோடு.

"ஒண்ணுமில்லம்மா. மெழுகு எங்கயாவது போயிருக்கான்னு..."

"போயிருக்கா?"

"ஸ்பிரிங் மாட்டுற இடத்துல கொஞ்சம். சட்டத்துல ஒண்ணுமில்லை. சட்டம் நல்லாயிருக்கு."

அவள் குனிந்து அவர் காட்டிய இடத்தைப் பார்த்தாள். "பார்த்துக்கறேன்" என்றாள். பிறகு, "எழுந்திருங்க, முட்டி நனையுது" என்றாள்.

அவர் வண்டியின் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒதுங்கி நின்றார். வண்டி டிரெய்லரை இழுத்துக்கொண்டு தேவாலய மேட்டில் ஏறி மறைந்தது.

வீட்டுக்கு வந்து ஈரக் கால்சட்டையைக் கழற்றும்போது நெஸ்டாவிடம் சொன்னார், மெரெரிட் பேசினாள் என்று.

"பேசினாளா? என்ன சொன்னா?"

"எழுந்திருங்கன்னு சொன்னா" என்றார் இத்வால்.