அம்மிணியின் கப்பலும் வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்பும்: பாறசாலையில் மூன்று நாள்

இந்தப் பதிவில் உள்ளவை:

1. எதற்காகப் போனேன்
2. மூன்று வீடுகள்: போன வழியும் கிடைத்த பதிலும்
3. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசியது
4. பெற்றோருக்கு அந்தக் கதையில் துளியும் அக்கறை இல்லை. அதனால்தான் வகுப்பு போயிற்று
5. அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில தகவல்கள்

கூட்டம் முடிந்த கையோடு பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து இந்த வரிசையை எழுதினேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்திய காலத்துப் பழக்கம். என்ன சொல்லப்போகிறேன் என்று முதலில் எழுதிவைக்காவிட்டால் எனக்குச் சொல்ல வராது. எழுதிவைத்தாலும் சில சமயம் வராது.

இந்த ஜூலையில் என் அக்கா மகள் புஷ்பலீலா (எங்களுக்கு லீலா) போன் செய்தாள். கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில், தமிழ் வழிப் பிரிவில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் அவள் பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை. ஒரு விண்வெளிக் கதை சொல்கிறாள். கதாநாயகி அம்மிணி, பாறசாலைக்காரி, தனியாக நிலாவுக்குப் போனவள். ஒவ்வொரு வாரமும் கதை ஒரு சிக்கலில் வந்து நிற்கும். எரிபொருள் எவ்வளவு மிச்சம், எந்த மூட்டையைத் தூக்கி எறிய வேண்டும், எத்தனை நாள் காற்று வரும் என்று பிள்ளைகள் கணக்குப் போட வேண்டும். விடை சரியாக வந்தால்தான் அடுத்த வாரம் கதை நகரும். தப்பானால் அம்மிணி அங்கேயே நிற்பாள். ஒரு முறை மூன்று வாரம் நின்றாளாம். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மூட்டையை எறிய வகுப்பில் பாதிப் பேர் சம்மதிக்கவில்லை.

அந்தப் பாடவேளையை நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் முடிவு. "மாமா, நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். நான் பேசினா என் வகுப்புக்காகப் பேசுறேன்னு சொல்லுவாங்க" என்றாள்.

ராக்கெட் முன்னோடிகளில் சிலர் சிறுவயதில் நிலவுப் பயணக் கதைகள் படித்துவிட்டுத்தான் கணக்குப் போட உட்கார்ந்தார்கள் என்று இதே வலைப்பூவில் பலமுறை எழுதியிருக்கிறேன். வாசித்தவர்கள் அறிவார்கள். ஆனால் பாறசாலைப் பெற்றோருக்கு எங்கோ வெளிநாட்டில் இருந்தவர்களைக் காட்டி என்ன பயன்? இந்த ஊர்களிலிருந்து திருவனந்தபுரத்து ராக்கெட் நிலையத்துக்கு வேலைக்குப் போய் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, எந்தக் கதை உங்களை அங்கே கொண்டுபோனது என்று கேட்டு, அதைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். லீலா மூன்று முகவரி வாங்கித் தந்தாள்.

புதன்கிழமை காலை நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய்க்குள். குழித்துறை தாண்டியதும் பெட்டிக்குள் பேச்சு மலையாளத்துக்கு மாறுகிறது, பேசுகிறவர்கள் மாறுவதில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாறசாலையில் இறங்கும்போது மழை. குடையை எடுத்துவைத்திருந்தேன், ஆனால் பையின் அடியில்.

முதல் வீடு ஸ்டேஷனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோ முப்பது ரூபாய். சுகுமாரன் என்னைவிட இரண்டு வயது இளையவர். கேள்வியை நான் தாளில் எழுதி வைத்திருந்தேன்; மூன்று பேரிடமும் ஒரே சொற்களில் கேட்க வேண்டும் என்பதற்காக. அவர் கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"கதையா? ராக்கெட் நிலையத்து ஆபீஸ் பஸ் ஆக்கும் சாரே. தினமும் காலையில ஜங்ஷன்ல வந்து நிக்கும். அதுல ஏறுறவனெல்லாம் இஸ்திரி போட்ட சட்டை. நான் எதிர்ப்பக்கம் மழையில நனைஞ்சிட்டு லைன் பஸ்ஸுக்கு நிப்பேன். அதுல ஒரு நாள் ஏறணும்னு தோணிச்சு."

"அந்த வயதில் கதை ஏதாவது வாசித்ததுண்டா?"

மனைவி சிரித்தார். "இவருக்கா? நாலு வரி வாசிச்சா உறக்கம் வந்திரும். கல்யாணக் கடுதாசி கூட நானாக்கும் வாசிச்சுச் சொல்றது."

வியாழக்கிழமை காலை பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு பஸ். பதினொரு கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய், நெரிசலில் முக்கால் மணி நேரம். தாசையன் வீடு பழைய மிஷன் கோயிலுக்குப் பின்புறச் சந்தில். சட்டையில்லாமல் நின்று வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"பரீட்சை எழுதினேன், கிட்டிச்சு. அந்த வருஷம் மூணு இடத்துக்கு எழுதினேன். மீன்வளத் துறையில கிட்டியிருந்தா இப்ப மீன் கதை கேட்டு வந்திருப்பீங்க, இல்லியா?"

இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு குலைப் பேயன் பழம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை. அன்று முழுவதும் அதைச் சுமந்தேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே மரச்சீனியும் மீன் குழம்பும் தொண்ணூறு ரூபாய். தாராளமாக இரண்டு பேர் சாப்பிடலாம். அங்கிருந்து ஒற்றசேகரமங்கலத்துக்கு பஸ், ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். காட்டாக்கடை பஸ்ஸில் தவறி ஏறிவிடாதீர்கள், பக்கத்திலேயே நிற்கும். நான் நடத்துநரிடம் இரண்டு முறை கேட்டு, பிறகு பக்கத்தில் இருந்தவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நடத்துநர் வருத்தப்பட்டார்.

விமலா தனியாக இருக்கிறார். கேள்வியைப் படித்ததும் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

"உண்டு" என்றார். "வாரப் பத்திரிகையில ஒரு தொடர் வந்துச்சு. ஒரு பெண்ணு செவ்வாய்க்குப் போவா. நான் ஏழாங்கிளாஸ். அதை வெட்டித் தச்சு வச்சிருந்தேன். அதுக்காகத்தான் பிசிக்ஸ் எடுத்தேன். அதுக்காகத்தான் அங்க போனேன்."

இதைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"சொல்லுங்க. ஆனா அதோட இதையும் சொல்லணும். சர்வீஸ் முழுக்க வால்வு சோதிச்சேன். கசியுதா, கசியலியா. அந்தக் கதையில வால்வு சோதிக்கிறவ ஒருத்தி உண்டான்னு பலமுறை தேடிப் பாத்தேன். இல்ல. எழுதினவருக்கு அப்படி ஒருத்தி வேணும்னு தோணல."

"வருத்தமா?"

"காப்பி ஆறுது, குடிங்க."

கூட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், வரமாட்டேன் என்று. பழத்தில் பாதியை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். பயிற்சி நிலையத்திலிருந்து வந்த இளைஞர் முதலில் பேசினார். ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். அட்டையில் மேலே கிளம்பும் ராக்கெட் படம், உள்ளே முழுக்க ஆங்கிலம், சரியான விடையைத் தேர்ந்தெடு. பெற்றோர் அட்டையைத் தடவிப் பார்த்தார்கள். அந்தப் படம் ஒரு காலத்தில் கதைகளின் அட்டையில் இருந்தது என்று சொல்ல நினைத்தேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் மூன்று பேரைச் சந்தித்தேன் என்று தொடங்கினேன். ஒருவர் பஸ்ஸைப் பார்த்துப் போனவர், ஒருவர் பரீட்சையில் தேறிப் போனவர், ஒருவர் கதை படித்துப் போனவர் என்றேன். மூன்று பேர் என்பது எதையும் நிரூபிக்கப் போதாத எண்ணிக்கை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். விமலாவின் வால்வைப் பற்றியும், அவர் கேட்டுக்கொண்டபடி, சொன்னேன்.

நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். காக்கிச் சட்டை. "அப்போ மூணுல ஒண்ணு. நூத்துக்கு முப்பத்திமூணு. அந்த மார்க்கோட எம்பிள்ள வீட்டுக்கு வந்தா சோறு கிட்டாது சாரே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"கதை போயி ஒரு பிள்ளைக்கும் சீட்டு வாங்கித் தராது. டீச்சர் நல்ல டீச்சர், அதுல தர்க்கம் இல்ல. பாடத்த நடத்தட்டு, பயிற்சியும் நடக்கட்டு" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் கை தூக்கச் சொன்னார். பயிற்சிக்கு ஆதரவாக ஏறக்குறைய அரங்கம் முழுவதும் தூக்கியது. அம்மிணிக்கு நாலைந்து கைகள். அதில் ஒன்று என்னுடையது. நான் பெற்றோர் இல்லையென்று அதைக் கழித்துவிட்டார்கள். சரிதான்.

லீலா வராந்தாவுக்கு வந்தபோது அவள் கையில் கரும்பலகைத் துடைப்பான் இருந்தது. எதற்கு எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"மாமா, மூணு பேரைப் பாத்தேன்னு உங்களை யாரு சொல்லச் சொன்னா?"

"மூன்று பேரைத்தானே பார்த்தேன்."

"ஒருத்தியைப் பாத்தேன், அவ கதை வாசிச்சுப் போனான்னு சொல்லியிருந்தா, அதுல என்ன பொய் உண்டு?"

பொய் இல்லை. ஆனால் முழுமையும் இல்லை என்றேன்.

"முழுமையா சொல்லித்தான் கெடுத்தீங்க. அந்த கோச்சிங் ஆளு புக்க வச்சிட்டு எத்தனை பிள்ளை தோத்துதுன்னு சொன்னானா? நீங்க மட்டும் எண்ணிட்டு வந்தீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டி வரச் சொல்லியிருக்கேன். குடையை மறந்திராதீங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் உண்டா என்று இதை எழுதும்போதும் எனக்குத் தீர்மானமாகவில்லை. பக்கச் சார்பில்லாமல் பேச வேண்டும் என்று ஆயுள் முழுவதும் பாடம் நடத்தினேன். ஆனால் அந்த அரங்கத்தில் பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருந்தது. நேராக நின்று நான் சாய்ந்த பக்கத்துக்கே உதவினேன். என் கேள்வியும் கோணல்தான் என்று இப்போது படுகிறது. ஒரு கதை எத்தனை பேரை வேலையில் சேர்த்தது என்று கேட்டேன். அப்படிக் கேட்டபோதே நான் பயிற்சி நிலையத்துக்காரனாக ஆகிவிட்டேன். ஆபீஸ் பஸ்ஸோடு எந்தக் கதையும் போட்டி போட முடியாது.

போகிறவர்களுக்கு: ஜூலை வேண்டாம், மழை. ஜனவரி நல்லது. பாறசாலையில் பாசஞ்சர்கள் குறைவு, நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் களியக்காவிளையில் நாகர்கோவில் பஸ் கிடைக்கும். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும், பாதி வழியில் மலையாளமாகும், பயப்பட வேண்டாம். மூன்று நாளில் வண்டிக்கும் சாப்பாட்டுக்குமாக ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தங்கியது லீலா வீட்டில். பள்ளியிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ நாற்பது ரூபாய்.

அந்த ஆட்டோவை ஓட்டி வந்தவர் கூட்டத்தில் எழுந்து மார்க் போட்டவர்தான். பெயர் பிஜு. லீலா சொன்ன வண்டி அவருடையது. நான் பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா? அம்மிணி எறங்கிச்சா?"

நிலாவிலிருந்து திரும்பிய கப்பல் பூமியின் காற்றுக்குள் நுழையப்போகிறது, அதோடு போன வாரக் கதை நின்றது என்று லீலா சொல்லியிருந்தாள். "இன்னும் இல்லை. எந்தச் சாய்வில் நுழைய வேண்டும் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். செங்குத்தாக வந்தால் எரிந்துவிடும், மிகவும் சாய்ந்து வந்தால் தெறித்து வெளியே போய்விடும்."

"அது தெரியும். எம்பிள்ள ரெண்டு நாளா தட்டையும் கரண்டியும் வச்சுப் போட்டுப் பாத்துட்டு இருக்கு. நான் செங்குத்தா வரட்டும்னு சொன்னேன், என்னைப் பாத்துச் சிரிக்குது. வெள்ளிக்கிழமை ராத்திரி நான் ஓட்டத்த நிறுத்திட்டு நேரத்தோட வாறது இதக் கேக்கத்தானாக்கும். ஸ்டாண்டுல ரெண்டு பேரு என்கிட்ட வந்து கேப்பாங்க, இந்த வாரம் என்னாச்சுன்னு."

"அந்த இரண்டு பேரும் கூட்டத்துக்கு வந்திருந்தார்களா?"

"வந்தாங்க. கை தூக்கினாங்க."

"நீங்களும் தூக்கினீர்களே."

"தூக்காம? ஊருல எல்லாம் கோச்சிங் போவுது. எம்பிள்ள மட்டும் கதை கேட்டுட்டு இருந்து, நாளைக்கு ஒண்ணும் ஆகலேன்னா, அது என் சட்டையப் பிடிச்சுக் கேக்குமா, டீச்சர் சட்டையப் பிடிக்குமா?" கேட் திறந்தது. வண்டியைக் கிளப்பாமல் இருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "இனி யாரும் கணக்குப் போட மாட்டாங்கல்ல. அப்போ அது அங்கயே நிக்குமா?"

"நிற்கும்" என்றேன்.

ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். நாற்பது ரூபாயை வாங்கிக்கொண்டு போனார்.

மேலே வரிசையில் நான்காவதாக எழுதியிருப்பதை அழிக்கலாமா என்று ரயிலில் யோசித்தேன். முறைப்படி அழிக்காமல் பிழை என்று குறிப்பதே சரி. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எழுதியது தவறு. அக்கறை இருந்தது. அந்த அக்கறையோடேதான் பயிற்சிக்குக் கை தூக்கினார்கள்.